சென்னைக்கு மிக அருகில் அச்சரப்பாக்கம்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

செங்கல்பட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால், மதுராந்தகம் தொடங்கித் தொழுப்பேடு வரை சாலையின் இருபுறமும் மனை விற்பனைப் பலகைகள் வருகின்றன. வர்ணக் கொடிகள், அலங்கார வளைவு, அதன் பின்னால் கல் நட்டுப் பிரித்த மனைகள். ஞாயிறுதோறும் குரோம்பேட்டையிலும் வேளச்சேரியிலும் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களை வேனில் அழைத்து வந்து சைட் காட்டுகிறார்கள். வருகிறவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்ல. பிள்ளைகள் வளர்வதற்குள் சொந்தமாக ஒரு வீடு, கொஞ்சம் தோட்டம், நல்ல காற்று என்று நினைத்து நகையை அடகு வைத்து முன்பணம் கட்டுகிறவர்கள். அவர்களுக்குச் சொல்லப்படும் சில நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

நம்பிக்கை: அச்சரப்பாக்கத்தில் குடியிருந்துகொண்டு தினமும் சென்னைக்கு வேலைக்குப் போய் வரலாம்.

அச்சரப்பாக்கம் சென்னையிலிருந்து சுமார் 95 கி.மீ. விடியற்காலையில் சாலை காலியாக இருக்கும்போது தாம்பரம் வரை ஒரு மணி நேரத்தில் காரில் வந்துவிடலாம் என்பது உண்மைதான். சைட் பார்க்க அழைத்துப் போகிறவர்கள் தேர்ந்தெடுக்கும் நேரமும் அதுதான். வேலை நாளில் காலை எட்டரை மணிக்கு மாமண்டூர் பாலாற்றுப் பாலம், பரனூர் சுங்கச்சாவடி, சிங்கபெருமாள்கோவில், கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூர் என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருவது வேறு கணக்கு. பண்டிகைக்கு முந்தின நாளில் எந்தக் கணக்கும் செல்லாது.

ரயிலைப் பார்ப்போம். அச்சரப்பாக்கத்தில் ரயில் நிலையம் இருக்கிறது, அதுவும் சென்னை–விழுப்புரம் முக்கியப் பாதையில். ஆனால் அடுத்தடுத்து வரும் கடற்கரை–செங்கல்பட்டு மின்சார ரயில், அச்சரப்பாக்கத்துக்குச் சுமார் 40 கி.மீ. முன்பே நின்றுவிடுகிறது. அதற்குத் தெற்கே பாசஞ்சர், மெமு வண்டிகள்தான். ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நீண்ட நேரம் காத்திருக்க வேண்டும். விரைவு வண்டி பிடிக்க மேல்மருவத்தூர் போக வேண்டும். 150 கி.மீ. வரை சீசன் டிக்கெட் கிடைக்கும், மலிவுதான். இரவு ஒன்பது மணிக்கு எழும்பூரில் வேலை முடிந்து நிற்கிறவருக்கு வண்டி வேண்டுமே.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்த பிறகு தூரம் குறைந்துவிட்டது என்கிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று அது திறக்கப்பட்டது. வண்டலூர், மறைமலைநகர் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு அதனால் நன்மைதான். தி.நகருக்கோ அண்ணாசாலைக்கோ போகிறவர்களுக்கு நடுவழியில் இறங்கி வேறு பஸ் ஏறும் வேலை கூடியிருக்கிறது.

சுங்கக் கட்டணத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. சுங்கச்சாவடியிலிருந்து 20 கி.மீ. தூரத்துக்குள் வசிக்கும் சொந்தக் கார்க்காரர்களுக்கு உள்ளூர் மாதப் பாஸ் உண்டு. அச்சரப்பாக்கத்துக்கு அந்தத் தூரத்துக்குள் இருப்பது திண்டிவனம் போகும் வழியிலுள்ள ஆத்தூர் சாவடி. சென்னைக்குப் போகும் வழியில் இருக்கும் பரனூர் அந்தத் தூரத்துக்குள் வராது. 200 பயணம் தரும் ஃபாஸ்டேக் ஆண்டு பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் விலையில் அறிமுகமானது. தினமும் போக ஒன்று, வர ஒன்று என்றால் நூறு வேலை நாளில் அது தீர்ந்துவிடும்.

நம்பிக்கை: தாம்பரமும் ஒரு காலத்தில் பொட்டல் காடுதான். அதேபோல் இதுவும் வளரும்.

இதைக் கேட்டதும் மனம் இளகிவிடுகிறது. ஆனால் தாம்பரம் வளர்ந்த வரிசையைப் பாருங்கள். காசநோய் சானடோரியம் 1928-இல் வந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-இல் ஓடத் தொடங்கியது. சென்னைக் கிறித்தவக் கல்லூரி 1937-இல் நகருக்குள்ளிருந்து அங்கே இடம்பெயர்ந்தது. 1984-இல் ஏற்றுமதி மண்டலம் வந்தது. வேலையும் படிப்பும் மருத்துவமும் ரயிலும் வந்து சேர, அவற்றைத் தொடர்ந்து வீடுகள் பெருகின. லண்டனைச் சுற்றியுள்ள வசதியான புறநகர்களும் ரயில் பாதை போன வழியில் உருவானவைதான். வெறும் மனைப்பிரிவு மட்டும் முதலில் வந்து, மற்றவை பின்னால் வரும் என்று காத்திருக்கும் இடங்களில் ஆண்டுக்கணக்கில் வளர்வது சீமைக்கருவேலம். மனையை வாங்கிப் போட்டவர்கள் எல்லாரும் விலை ஏறட்டும் என்று காத்திருப்பதால், வீடு கட்டிக் குடிவந்த ஓரிரு குடும்பங்கள் தெருவிளக்கும் பால்காரரும் இல்லாமல் தனியே திண்டாடுகின்றன.

வெறும் மனைக்கு வாங்கும் கடனின் வட்டிக்கு வருமான வரிச் சலுகை கிடையாது என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வீடு கட்டி முடித்த பிறகே, அதுவும் நீங்கள் தேர்ந்தெடுக்கும் வரி முறையைப் பொறுத்தே, அது கிடைக்கும்.

நம்பிக்கை: இது ஏரிகள் மாவட்டம். தண்ணீர்க் கவலையே இல்லை.

செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்பது சரி. அச்சரப்பாக்கத்துக்கு வடக்கே இருக்கும் மதுராந்தகம் ஏரி சோழர் காலத்தது. அதன் முழுக் கொள்ளளவு 694 மில்லியன் கன அடி. கரையுடைப்பிலிருந்து ஊரைக் காத்ததாக நம்பப்படும் ஏரி காத்த ராமர் கோயிலும், அந்த நம்பிக்கையோடு சேர்த்துச் சொல்லப்படும், 1798-இல் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் பற்றிய கதையும் இந்தப் பக்கத்தில் எல்லாரும் அறிந்தவை.

ஆனால் ஏரி என்பது வெட்டிவைத்த தொட்டி அல்ல. வடகிழக்குப் பருவமழையை வரத்துக் கால்வாய் கொண்டுவந்து சேர்க்கிறது. மதகு வழியே ஆயக்கட்டு நிலங்களுக்கு நீர் போகிறது. நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு இறங்குகிறது. இந்தத் தொடரில் ஓரிடத்தில் மண் கொட்டி மேடாக்கி மனை போட்டால் இரண்டு கேடு வரும். மேலே தேங்கும் நீர் வழி தேடி வீட்டுக்குள் வரும். கீழே உள்ள ஏரி காயும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடிக்கு ஏறித் தவித்த மக்கள், அடையாற்று நீர் போகும் வழியில்தான் தங்கள் மனை இருக்கிறது என்பதை வாங்கும்போது அறிந்திருக்கவில்லை. அவர்களும் மாதத் தவணை கட்டி வீடு வாங்கியவர்களே.

நிலத்தடி நீரை எடுத்துக்கொண்டால், இந்த மாவட்டத்தின் பெரும்பகுதிக்கு அடியில் கடினப் பாறை. பாறையின் மேலடுக்கு சிதைந்து நொறுங்கிய இடத்திலும் வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். அடுத்த மனையில் போர் போட்டுத் தண்ணீர் வந்தது என்பதற்காக உங்கள் மனையிலும் வரும் என்று யாராலும் உறுதி தர முடியாது. ஏரிக்குக் கீழே நெல் விளையும் வரை கிணறுகளில் ஊறிய நீர், அந்த நஞ்சை மனையானதும் ஊறாது. மதகைத் திறக்கச் சொல்லிக் கேட்கவும், கரையைப் பார்க்கவும் அப்போது ஆட்கள் இருக்க மாட்டார்கள். எனக்கு மிகவும் வலிப்பது இதுதான்.

வேடந்தாங்கல் பெயரைச் சொல்லியும் மனை விற்கிறார்கள். 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்த இந்தப் பறவைகள் சரணாலயம் ஏரியோடு முடிவதில்லை. சுற்றி 5 கி.மீ. வரை சரணாலய எல்லைதான். அதற்குள் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

நம்பிக்கை: டி.டி.சி.பி. அப்ரூவல் இருக்கிறது, ரெரா நம்பர் இருக்கிறது. வேறென்ன வேண்டும்?

நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் (டி.டி.சி.பி.) அங்கீகாரம், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் (ரெரா) பதிவு இரண்டும் கட்டாயம் வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவை ரெராவில் பதியாமல் விளம்பரம்கூடச் செய்யக் கூடாது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்தும் 2017-ஆம் ஆண்டு விதிகளும் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு போட்ட மனைகளுக்கே பொருந்தும். ஆனால் அங்கீகாரம் என்பது சாலை அகலம், பூங்கா இடம், மனை அளவு ஆகியவை விதிப்படி இருக்கின்றன என்பதற்கான ஒப்புதல். விற்பவருக்கு அந்த நிலம் முறையாக உரிமையானதா என்பதற்கு அது உத்தரவாதம் ஆகாது. அதற்கு மூலப்பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாவற்றையும் நீங்களே அமர்த்தும் வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்யும் வழக்கறிஞர் வேண்டாம்.

நம்பிக்கை: கேட் போட்ட கம்யூனிட்டி, வெளியாள் யாரும் உள்ளே வர முடியாது.

அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவில் சாலைகளையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அதன் பிறகு அவை பொதுச்சொத்து. அந்தச் சாலையில் பக்கத்துக் கிராமத்துப் பிள்ளை சைக்கிளில் போகலாம், யாரும் தடுக்க முடியாது. குப்பை, விளக்கு, குடிநீர் எல்லாவற்றுக்கும் நீங்கள் போய் நிற்க வேண்டியதும் அதே உள்ளாட்சியிடம்தான். அச்சரப்பாக்கம் என்று சொல்லி விற்கும் மனைகளில் பல பேரூராட்சி எல்லைக்கு வெளியே, சுற்றுக் கிராம ஊராட்சிகளில் இருப்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம்பிக்கை: இப்போதைக்கு அச்சரப்பாக்கம் ஒன்றுமில்லாத ஊர்.

தவறு. திருஞானசம்பந்தர் பாடிய ஆட்சீஸ்வரர் கோயில் உள்ள ஊர் அது, தொண்டை நாட்டின் 32 பாடல் பெற்ற தலங்களில் ஒன்று. மலைமேல் மழை மலை மாதா கோயில் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடம், சுற்றுக் கிராமங்களுக்கெல்லாம் கடைத்தெரு. குடிவருகிறவர்கள் இந்த ஊரோடு சேர்ந்து வாழ வந்தால் ஊருக்கும் நல்லது, அவர்களுக்கும் நல்லது.

மறைமலைநகரிலோ மகிந்திரா சிட்டியிலோ செங்கல்பட்டிலோ வேலை என்றால் அச்சரப்பாக்கம் யோசிக்கத்தக்க ஊர். ஓய்வு பெற்றவர்களுக்கும் சரிதான். சென்னை நகருக்குள் தினமும் வேலைக்குப் போகிறவர்களுக்கு அது ஏற்ற இடம் அல்ல. முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை அங்கிருந்து உங்கள் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். ஐப்பசியில் நல்ல மழை பெய்த மறுநாள் மனையில் போய் நின்று பாருங்கள். சர்வே எண்ணை எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து, பக்கத்தில் எந்த ஏரி, எது வரத்துக் கால்வாய் என்று கேளுங்கள்.