கோடையும் திராட்சை மதுவும்

"வெயில் காலத்துக்கேற்ற ஒயின் எது?" என்று விடுதித் தோழர் ஒருவர் என்னைக் கேட்டார். நுண்ணுயிரியல் பயில்பவன் என்பதால் கேட்டார் போலும். எங்கள் வீட்டில் அச்சொல்லையே உச்சரிக்க மாட்டார்கள். ஆயினும் கேள்வி நியாயமானது. அறிந்தவரையில் விடை கூறுகிறேன்.

கோடையில் நாம் பாயசத்தையா நாடுகிறோம்? மோரையும் எலுமிச்சைச் சாற்றையும் அன்றோ நாடுகிறோம்! ஒயினுக்கும் இதுவே விதி: புளிப்பு மிகுந்தும் சாராயச் சத்துக் குறைந்தும் இருத்தல் வேண்டும்.

திராட்சையின் புளிப்புக்கு டார்டாரிக், மாலிக் என்னும் இரு அமிலங்களே முதற்காரணம். வெப்பத்தில் பழுக்கும் கனி, மாலிக் அமிலத்தைத் தன் சுவாசத்திலேயே செலவழித்து விடுகிறது. இரவுக் குளிர் அதனைக் காக்கிறது. நாசிக் வட்டாரத்தில் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை செய்வதன் பயன் இதுவே. அங்கு விளையும் செனின் பிளாங்க், பிரான்சின் லுவார் பள்ளத்தாக்கிலிருந்து வந்த இனம். வெயிலிலும் எளிதில் புளிப்பை இழக்காது. முதலில் சுவைக்கத்தக்கது அது.

அடுத்து, போர்ச்சுகலின் வின்யோ வெர்தே. 'பச்சை ஒயின்' என்று பெயர். பச்சை என்பது இளமையைக் குறிக்கும், நிறத்தையன்று. பலவற்றில் நாவைச் சுருக்கெனத் தைக்கும் சிறு வாயுக் குமிழிகள் உண்டு. சிவப்பு ஒயினைக் குளிர்விக்கலாகாது என்பார்க்கு இத்தாலியின் லம்புருஸ்கோ தக்க மறுமொழி. நுரைக்கும் அதனைக் குளிரவைத்தே அருந்துவர். வெள்ளை ஒயினுக்கு 8 முதல் 10 பாகை செல்சியஸ் போதும். மிகக் குளிர்ந்தால் மணம் எழாது. ஒன்று நினைவிருக்கட்டும்: மது தாகம் தீர்க்காது. சிறுநீரைப் பெருக்கி உடலின் நீரைக் குறைக்கும். அருகில் தண்ணீர்க் குவளை வேண்டும்.

இனி என் சொந்தக் கதை. கம்பம் பள்ளத்தாக்கில் எங்களுக்குப் பன்னீர்த் திராட்சைத் தோட்டம் உண்டு. 2023இல் அப்பழத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் இனப்பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ரோஜாவில் மணக்கும் ஜெரானியால் இதிலும் உண்டு. பன்னீர் என்று பெயரிட்டவர் மூக்கு பொய்க்கவில்லை. கிரேக்க நாட்டின் திர்னவோஸில் இதே இனத்திலிருந்து ஒயின் வடிக்கின்றனர். இங்கோ விலை சரிந்தால் பறிகூலிக்கும் கட்டாது. பழமும் பல நாள் தாங்காது. ஓராண்டு என் தந்தையார் பழத்தைக் கொடியிலேயே விட்டுவிட்டார்.

இதை ஒயினாக்கலாமே என்று அவருக்கு எழுதினேன். "படிக்க அனுப்பினால் குடிக்க வழி சொல்கிறாயா?" என்று பதில் வந்தது. அவர் சினம் எனக்குப் புரிகிறது. எங்கள் தெருவில் குடியால் கெட்ட குடும்பங்கள் உண்டு. ஆனால் அழுகும் பழமும் என் கண்முன் நிற்கிறது.

வாதத்தால் அவரை வெல்ல இயலாது. எங்கள் பக்கம் ஆண்டு முழுவதும் திராட்சை காய்க்கும். ஆகவே தை மாதப் பழத்தையும் சித்திரைப் பழத்தையும் பிழிந்து, இரண்டின் அமிலத்தையும் அளக்கப் போகிறேன். தைப் பழம் புளிப்பில் தேறினால் அக்கணக்கை அவர் முன் வைப்பேன். முடிவு அவருடையது.