ஓடும் முன் உடல் சூடாகட்டும்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. அறிவியல் எடுக்கும் என்னிடமே அந்தப் பாடவேளையும் வந்தது. அதைக் கணக்குப் பாடத்திற்குக் கடன் கொடுத்த வாரங்களும் உண்டு. குறுவட்டப் போட்டி நெருங்கிய பிறகுதான் தினமும் காலையில் மாணவர்களை மைதானத்துக்கு அழைத்துப் போனேன்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஓடுவதற்கு முன் குனிந்து கால்விரலைத் தொட வேண்டும். வரிசையாக நிற்கவைத்து, முப்பது எண்ணும்வரை குனிந்தே இருக்கச் சொல்வேன். பிறகு விசில். ஒருநாள் நூறு மீட்டரில் பாதியைக்கூடத் தாண்டாமல், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தசையில் காயம், மூன்று வாரம் ஓடக் கூடாது என்றார் மருத்துவர். அந்த ஆண்டுப் போட்டி அவளுக்கு இல்லாமல் போனது. "நீங்க சொன்ன மாதிரிதானே டீச்சர் செஞ்சேன்" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

பக்கத்து ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். "குனிய வெச்சீங்க, சரி. அதுக்கு முன்னாடி பிள்ளைங்க உடம்பு சூடாச்சா டீச்சர்?" என்று கேட்டார்.

ஜவ்வு மிட்டாயை நினைத்துப் பாருங்கள். இளஞ்சூட்டில் இழுத்த இழுப்புக்கு வரும், ஆறிவிட்டால் ஒடியும். தசை மிட்டாய் அல்ல என்றாலும் வகுப்பில் இந்த உதாரணம் உடனே புரிகிறது. உடல் அசையும்போது தசைக்கு இரத்த ஓட்டம் கூடி வெப்பநிலை உயர்கிறது. சூடான தசை எளிதாக நீளும், விரைவாகச் சுருங்கும். குளிர்ந்த தசையை நின்ற இடத்தில் இழுத்துப் பிடிப்பதால் இது நடப்பதில்லை. ஒரு நிமிடத்துக்கு மேல் அப்படிப் பிடித்தால், அடுத்த சில நிமிடங்களுக்குத் தசையின் வேகமும் விசையும் சற்றுக் குறையவும் செய்கின்றன.

2008இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று நமக்கு நெருக்கமானது. 13 முதல் 17 வயதுள்ள கால்பந்து வீராங்கனைகள் சுமார் 1,900 பேர் அதில் பங்கேற்றனர். மெதுஓட்டம், கால் வலிமை, சமநிலைப் பயிற்சிகள் சேர்ந்த 20 நிமிட ஆயத்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன.

நமக்குக் கிடைப்பது ஒரு பாடவேளை. அதில் பத்து நிமிடம் போதும் என்பது என் அனுபவம். முதலில் மூன்று நிமிடம் மெதுஓட்டம். நெற்றியில் வியர்வை அரும்ப வேண்டும், ஆனால் பேச முடிய வேண்டும். அடுத்து முழங்காலை உயர்த்தி நடத்தல், குதிகால் பின்பக்கம் படும்படி ஓடுதல், சுவரைப் பிடித்துக் காலை முன்னும் பின்னும் வீசுதல், கைகளைச் சுழற்றுதல். கடைசியாக 20 மீட்டர் தூரத்தை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் வேகத்தைக் கூட்டி ஓடுதல். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அரைவேகம் பழகாத கால்தான் விசில் கேட்டதும் முழுவேகத்தில் பாய்கிறது. குனிந்து பிடித்து நிற்கும் நீட்சிப் பயிற்சியை விளையாட்டு முடிந்தபின் வைத்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றும் 20 அல்லது 30 வினாடி. வலிக்கும் அளவுக்கு இழுக்கவோ வெட்டி வெட்டிக் குனியவோ விடுவதில்லை.

இதைப் பாடமாகவும் ஆக்கலாம். கால்நீட்டி உட்காரவைத்து, கை எட்டும் தூரத்தை ஸ்கேலால் அளந்து, ஆயத்தப் பயிற்சிக்குப் பின் மீண்டும் அளக்கச் சொன்னேன். பெரும்பாலோருக்கு எட்டும் தூரம் கூடியிருந்தது. கூடாத இருவர் மெதுஓட்டத்தில் மரத்தடியில் நின்றவர்கள்.

அந்த மாணவி இப்போது ஒன்பதாம் வகுப்பு, வேறு பள்ளி. போட்டிக்கு முந்தைய இரவு போன் செய்தாள். "எவ்வளவு நேரம் முன்னாடி ஆரம்பிக்கணும் டீச்சர்?" பதினைந்து நிமிடம் என்றேன். பேர் கூப்பிடும்வரை உட்கார்ந்துவிடாமல் நடந்துகொண்டே இரு என்றும் சொன்னேன்.