அரமும் வாளும்

பொருநை என்னும் தாமிரபரணி ஆற்றின் தென்கரையில் அமைந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. ஆற்றுக்கு அப்பால் அம்பாசமுத்திரம். மேற்கே பொதியமலைத் தொடர். ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழையும் காற்றும் மிகும்போது, வாய்க்காற் கரையில் நிற்கும் முதுமரங்கள் சில வேரோடு சாய்தலும் உண்டு.

அவ்வாறு ஒருநாள் பெரும் புளியமரம் ஒன்று எங்கள் தெருமுனையில் வழிமறித்து வீழ்ந்தது. அதனை அறுத்து அகற்ற முதியவர் ஒருவரும் இளைஞர் ஒருவரும் சங்கிலி வாளுடன் வந்தனர். நீண்ட இரும்புத் தகட்டின் விளிம்பைச் சுற்றிப் பற்களுடைய சங்கிலி ஒன்று எஞ்சினின் விசையால் விரைந்தோடும். அதுவே சங்கிலி வாள்.

இளைஞர் அறுக்கத் தொடங்கினார். சிறிது நேரத்தில் வாள் மரத்தினுள் இறங்க மறுத்தது. அவர் தம் உடல்வலிமை முழுவதையும் செலுத்தி அழுத்தினார். மாவு போன்ற தூள் பறந்தது. அதைக் கண்ட முதியவர், "தம்பி, நிறுத்து!" என்றார்.

"இன்னும் சிறிதுதான் அண்ணாச்சி, முடித்துவிடலாம்."

முதியவர் தம் இடக்கையை நீட்டினார். முழங்கையருகே நீண்டதொரு தழும்பு இருந்தது. "அன்று நானும் இன்னும் சிறிதுதான் என்றே எண்ணினேன்" என்றார். இளைஞர் எஞ்சினை நிறுத்தினார்.

மாணவர்களே! கூரிய வாளினும் மழுங்கிய வாளே கொடியது. கூரிய வாள் தானே மரத்தினுள் இறங்கும். மழுங்கியதையோ அழுத்தித் தள்ள வேண்டும். அழுத்துவோரின் கை சோரும், கால் நிலைதவறும். தகட்டு நுனியின் மேற்பகுதி மரத்தில் முட்டினால், வாள் இமைப்பொழுதில் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். சீவல் சீவலாக விழுவது கூர்மையின் அடையாளம். தூளாகப் பறப்பது மழுங்கலின் அடையாளம்.

இச்சங்கிலியின் பல்லுக்கு வழிகாட்டியது ஒரு சிறு புழுவாம். அமெரிக்க நாட்டு ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலாளராக இருந்த ஜோசப் காக்ஸ் என்பார், வண்டின் புழு ஒன்று தன் வளைந்த தாடைகளால் இடமும் வலமும் மரத்தைக் குடைந்து செல்வதை 1946ஆம் ஆண்டு கண்டார். அம்முறையிலேயே இடப்பல்லும் வலப்பல்லும் மாறிமாறி அமைந்த சங்கிலியை 1947இல் விற்பனைக்குக் கொணர்ந்தார்.

முதியவர் செய்ததைக் கூறுவேன். சங்கிலி ஆறும்வரை காத்திருந்தார். எஞ்சின் தற்செயலாக இயங்காதவாறு பிளக்கின் கம்பியைக் கழற்றினார். தோலுறை அணிந்தார். வாள் அசையாதவாறு தகட்டை அடிமரத்தின் பிளவொன்றில் பொருத்தினார். பின்பு, பல்லின் அளவுக்கு ஏற்ற உருண்டை அரத்தை எடுத்து, பல்லின் உட்புறத்திலிருந்து வெளிப்புறம் நோக்கி அராவினார். முன்னே தள்ளும்போது மட்டுமே அரம் பல்லைத் தொட்டது. மீளும்போது அதனைத் தூக்கிக்கொண்டார். சாய்வு, பல சங்கிலிகளுக்கு 30 பாகை. எனினும் செய்தவர் குறித்த அளவே கொள்ளத்தக்கது. ஒவ்வொரு பல்லுக்கும் அராவல் ஒரே எண்ணிக்கை. ஒருபுறப் பற்கள் நீண்டும் மறுபுறப் பற்கள் குறுகியும் இருப்பின், வாள் கோணிச் செல்லும்.

ஒவ்வொரு பல்லின் முன்னும் ஒரு சிறு முனை உண்டு. பல் எத்துணை ஆழம் வெட்டலாம் என்பதை அதுவே வரையறுக்கும். பல்லினும் அது ஏறத்தாழ 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருப்பது பெரும்பாலும் பொருந்தும். மிகத் தாழ்த்தினால் வாள் வெறிகொண்டு எகிறும்.

இறுதியாக, சங்கிலி தளர்ந்து தொங்காமலும், கையால் இழுத்தால் நகராத அளவுக்கு இறுகாமலும் அமைத்து, அதற்குரிய எண்ணெயை நிரப்பினார்.

அரம் தமிழருக்குப் புதிய கருவியன்று. அதன் கூர்மையை வள்ளுவரே உவமையாக எடுத்தாண்டுள்ளார். எங்கள் ஊர்த் தச்சரும் தம் கைவாளை நாள்தோறும் அராவிய பின்னரே பலகையைத் தொடுவர். எஞ்சின் வந்த பின்னும் அவ்வொழுக்கம் மாறவில்லை.

அராவுவதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. பின்னர் அவ்விளைஞர் வாளை வைத்ததும், பாக்குச் சீவல் போல மரம் உதிர்ந்தது. பொழுது சாயுமுன் வழி திறந்தது.

நீங்கள் இக்கருவியை இப்போது தொடுதல் கூடாது. அது பயிற்சி பெற்ற பெரியோர்க்கே உரியது. ஆயினும் அரிவாளோ, உளியோ, எதுவாயினும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். கருவியைத் தீட்டும் நேரம் வேலையில் கழிக்கப்படும் நேரமன்று, அதுவும் வேலையே.