பின்சக்கரமா, நான்கு சக்கரமா? ஸ்போர்ட்ஸ் கார் வாங்குவோருக்கு

வேறு வேறு கார்களை வைத்து இந்தக் கேள்விக்கு விடை தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒரே கார் இரண்டு வகையிலும் கிடைத்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2020இல் அறிமுகமான தலைமுறை பிஎம்டபிள்யூ எம்3 அதற்குத் தோதான கார்.

அதன் காம்பெடிஷன் மாடல் 3 லிட்டர் ஆறு சிலிண்டர் இன்ஜினுடன், 510 குதிரைசக்தியுடன் வந்தது. பின்சக்கர வகை, நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தை 3.9 நொடியில் தொடும். நான்கு சக்கரங்களுக்கும் சக்தி போகும் எக்ஸ்டிரைவ் வகைக்கு 3.5 நொடி போதும். ஆனால் எடை சுமார் 50 கிலோ அதிகம்.

இதே கணக்கு எல்லாக் காருக்கும் பொருந்தாது. 2019இல் வந்த போர்ஷே 911இன் பின்சக்கர வகையான கரேரா எஸ்ஸையும் நான்கு சக்கர வகையான 4எஸ்ஸையும் எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 50 கிலோதான் கூடுகிறது, மிச்சமாவதோ 0.1 நொடி. 911இன் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருப்பதால், பின் டயர்கள் ஏற்கெனவே தரையை அழுத்திப் பிடித்திருக்கின்றன. எம்3யின் இன்ஜின் முன்னால் இருக்கிறது. ஆகவே முதலில் பார்க்க வேண்டியவை இன்ஜின் எங்கே இருக்கிறது, அதன் சக்தி எவ்வளவு என்பவை. ஏறத்தாழ 1,100 கிலோ எடையும் 184 குதிரைசக்தியும் உள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு இரண்டு சக்கரங்களே தாராளம்.

மழையில் என்ன நடக்கும்?

வேகமெடுக்கும்போது காரின் பாரம் பின்னால் சாய்ந்து பின் டயர்களுக்குப் பிடிமானம் தரும். ஈரச் சாலையில் அவ்வளவு விரைவாக வேகமெடுக்க முடியாது. பாரமும் அந்த அளவுக்குப் பின்னால் போகாது. ஆக, பின்சக்கர காருக்கு மழையில் இரட்டை அடி. நான்கு சக்கர இயக்கத்தின் அருமை தெரிவது இங்கேதான். சரளையிலும் பனியிலும் இன்னும் அதிகம் தெரியும். உலக ராலி உற்பத்தியாளர் பட்டத்தை வென்ற கடைசி பின்சக்கர கார், 1983இன் லான்சியா 037.

ஆனால் பிரேக் மிதித்தால் எந்தக் காரும் நான்கு டயர்களையும் நம்பித்தான் நிற்கிறது. நான்கு சக்கர இயக்கம் புறப்படத்தான் உதவும், நிற்க உதவாது. சறுக்காமல் வேகமெடுத்துவிட்டோமே என்ற தைரியத்தில் வளைவுக்குள் பாய்பவர்களை அது காப்பாற்றாது. பனிக்காலத்தில் குளிர்கால டயர் மாட்டிய பின்சக்கர கார், கோடை டயரோடு வரும் நான்கு சக்கர காரைவிடச் சீக்கிரம் நிற்கும். கனடாவின் கியூபெக் மாகாணச் சட்டம் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயமாக்கியிருப்பது குளிர்கால டயரைத்தான்.

ஓட்டும் சுகம்

பின்சக்கர காரில் முன் சக்கரங்களுக்குத் திருப்பும் வேலை மட்டுமே. சாலையின் தன்மை ஸ்டீயரிங்கில் தெளிவாகத் தெரியும். வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ காரின் போக்கை மாற்றலாம். மேனுவல் கியர் பிரியர்கள் கவனிக்க: இந்தத் தலைமுறை எம்3யில் அது பின்சக்கர வகைக்கு மட்டுமே.

எக்ஸ்டிரைவிலும் பின்சக்கரங்களை மட்டும் இயக்கும் முறை உண்டு. அதைத் தேர்ந்தால் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் முழுதாக அணைந்துவிடும். ரேஸ் டிராக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பராமரிப்பு

நான்கு சக்கர வகையில் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரென்ஷியல் என்று கவனிக்க வேண்டிய பாகங்கள் கூடும். ஒரு டயர் மட்டும் கிழிந்தால் தனியாக மாற்றுவதும் சிக்கல். நான்கின் தேய்மானமும் ஏறக்குறைய ஒன்றாக இல்லாவிட்டால் சக்தியைப் பகிரும் அமைப்பு திணறும்.

யாருக்கு எது?

* தினமும் ஓட்ட வேண்டும், மழையும் பனியும் உண்டு, சக்தி 400 குதிரைக்கு மேல்: நான்கு சக்கரம்.
* வார இறுதி மலைப்பாதை, உலர்ந்த சாலை, எடை குறைந்த கார்: பின்சக்கரம்.
* இன்ஜின் பின்னால் உள்ள கார், பனி இல்லாத ஊர்: பின்சக்கரமே போதும்.

இரண்டுக்கும் நடுவே மனம் ஊசலாடினால், பின்சக்கர வகையை எடுத்து, விலை வித்தியாசத்தில் நல்ல டயர் வாங்குங்கள். அது பிரேக்குக்கும் வளைவுக்கும் சேர்த்தே உதவும்.