கணையப் புற்றும் காவலணுக்களும்

இரைப்பையின் பின்புறத்தே, முதுகெலும்பின் முன்னே குறுக்காகக் கிடக்கும் உறுப்பு கணையம். உணவைச் செரிக்கச் செய்யும் நீரையும், குருதியிலுள்ள சர்க்கரையை அளவில் நிறுத்தும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. இத்துணை ஆழத்தில் மறைந்திருத்தலால், இங்குத் தோன்றும் புற்றுநோய் பெரும்பாலும் முற்றிய பின்னரே வெளிப்படுகின்றது.

உயிரணு எப்பொழுது பெருகவேண்டும், எப்பொழுது நிற்கவேண்டும் என்பதை மரபணுக்களே அறுதியிடுகின்றன. அவற்றுள் ஒன்று கே-ராஸ். கணையப் புற்றுற்றோருள் நூற்றுக்கு 90 பேருக்கு மேற்பட்டோரிடம் இது பழுதுற்றிருக்கிறது. பழுதுற்ற கே-ராஸ் ஓயாது பெருகுமாறு ஏவ, அணுவும் பணிந்து பெருகுகின்றது.

உடலுக்குக் காவல் இல்லாமல் இல்லை. வெள்ளணுக்களுள் டி அணுக்கள் என்பன, இயல்பு திரிந்த அணுக்களை இனங்கண்டு கொல்ல வல்லன. ஆயினும் கணையப் புற்று, அண்டை அணுக்களைத் தன்வயப்படுத்தி, தன்னைச் சுற்றித் தடித்த நார்ச்சுவர் ஒன்றை எழுப்பிக்கொள்கிறது. காவலணுக்கள் அதனைக் கடந்து உட்புகுதல் அரிது. மருந்தின் நிலையும் அதுவே.

சுவரை இடித்துவிட்டால் என்ன? 2009-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் எலிகளிடம் இதனைச் செய்து பார்த்தனர். சுவர் மெலிந்தது; புற்றைக் கொல்லும் மருந்து உட்சென்றது; எலிகளின் வாழ்நாளும் சிறிது நீண்டது. அறிஞருலகம் மகிழ்ந்ததில் வியப்பில்லை. ஆனால் அவ்வழியே மனிதரிடம் நடந்த சோதனையில், சுவரை மெலிவிக்கும் மருந்து பெற்றோரின் நிலை பெறாதோரின் நிலையினும் தாழ்ந்தது. 2012-இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

காரணம் 2014-இல் விளங்கலாயிற்று. அமெரிக்காவில் ஓர் ஆய்வுக்குழுவினர் சுவரெழுப்பும் அணுக்களையே எலிகளின் உடலினின்று நீக்கினர். புற்று முன்னினும் மூர்க்கமாய்ப் பரவியது. காவலைத் தளர்த்தும் ஒருவகை அணுக்களும் அங்கு மிகுந்தன. காவலணுக்களைத் தடுத்த அந்தச் சுவரே புற்றினையும் ஓரளவு அடக்கி வைத்திருந்தது!

இனிச் சுவரோடு போராடுவதினும் காவலணுக்களைப் பயிற்றுவதே தக்கதெனச் சிலர் கருதினர். நியூயார்க் நகரில் நடந்த ஒரு சோதனையின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அறுவையில் நீக்கிய கட்டியின் மரபணுத் திரிபுகளை ஆராய்ந்து, அவரவர்க்கெனத் தனித்தனியே ஊசிமருந்து ஆக்கி, பிற மருந்துகளோடு 16 பேருக்கு இட்டனர். நோய் வந்தபின் இடப்படுவதாயினும் இதனையும் தடுப்பூசி என்றே வழங்குவர். அவர்களுள் 8 பேரிடம் அக்கட்டியை அடையாளங்காணும் டி அணுக்கள் தோன்றின. அந்த எண்மருக்கும் நோய் மீளுதல் ஏனையோரினும் காலந்தாழ்ந்தது. பதினாறு பேர் என்பது மிகச் சிறிய தொகை. ஆதலின் மேலும் பலரைக் கொண்ட அடுத்த சோதனை அவ்வாண்டிலேயே தொடங்கப்பெற்றது.