நாள் குறித்த பின்னல்

பேறுகாலத்துக்கு நாள் குறித்துவிட்ட வீடுகள் பலவற்றில் ஒரு நூற்கண்டும் இரண்டு பின்னல் ஊசிகளும் வந்து சேர்ந்துவிடுகின்றன. புற்றுநோய்க்கு மருந்தேற்றும் சிகிச்சை தொடங்கவிருக்கும் தாய்க்காக, முடி உதிருமுன் மென்மையான ஒரு தொப்பியைப் பின்னிவிட வேண்டும் என்று மகள் முனைவதும் உண்டு. படுக்கையருகே காத்திருக்கும் நீண்ட பொழுதுகளில் கைக்கு ஒரு வேலை இருப்பது மனத்துக்கும் துணையாகிறது. ஆயினும் இத்தகைய பின்னலில் ஓர் இடர்ப்பாடு உள்ளது. வேலை முடிய வேண்டிய நாளை நாம் குறிப்பதில்லை; உடல் குறிக்கிறது. அந்நாள் நெருங்க நெருங்கத் தூக்கத்தைத் துறந்து, விரல் மரத்துப்போகும் வரை பின்னுவோரும் உளர். கடினமான ஒரு பின்னலை நாள் தவறாமலும், பின்னுபவரின் உடல் நலியாமலும் முடிப்பது எவ்வாறு என்பதை இப்பாடத்தில் காண்போம்.

கரை அறிந்த கலை

தூத்துக்குடிக் கரையில் வாழ்வோருக்கு நாள் குறித்த பின்னல் புதிதன்று. மீன்கள் இனம் பெருகும் பொருட்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உண்டு. 2001-இல் 45 நாட்களாகத் தொடங்கிய இத்தடைக்காலம் 2017 முதல் 61 நாட்களாயிற்று. அந்நாட்களில் படகுகள் பழுது பார்க்கப்படுகின்றன. வலைகள் விரிக்கப்பட்டு, அறுந்த கண்கள் ஒவ்வொன்றாகப் பின்னப்படுகின்றன. தடை நீங்கும் நாளில் வலை ஆயத்தமாக இல்லையெனில் படகு கரையிலேயே நிற்க நேரும்.

வலையைச் சீர்செய்யும் கைதேர்ந்தவர் கிழிசலைக் கண்டவுடன் பின்னத் தொடங்குவதில்லை. அதன் ஓரங்களை நல்ல கண்கள் வரை வெட்டி ஒழுங்கு செய்கிறார்; இழந்த கண்கள் எத்தனை என்று பார்க்கிறார்; அதன் பிறகே ஊசியை எடுக்கிறார். நூலாடை பின்னுவோருக்கும் இதுவே முதற்பாடம். அவசரமான வேலையில் முதல் நாளைப் பின்னுவதற்குச் செலவிடாமல் எண்ணுவதற்குச் செலவிட வேண்டும்.

முதலில் மாதிரி

இக்கரையின் பழந்தொழிலான முத்துக்குளிப்பிலும் இத்தகைய முன்னெண்ணம் இருந்தது. முறையான முத்துக்குளிப்பு இங்கே கடைசியாக 1961-இல் நடைபெற்றது. அது நடந்துவந்த காலத்தில், குளிப்புக்கு நாள் அறிவிக்குமுன் சிப்பிப் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுத்து, அவற்றில் கிடைத்த முத்துகளை மதிப்பிட்டார்கள். மாதிரி தேறினால்தான் படகுகள் அழைக்கப்பட்டன.

பின்னலில் மாதிரி என்பது நீளமும் அகலமும் ஏறத்தாழ 15 செ.மீ. உள்ள ஒரு சிறு துண்டு. எந்த நூலிலும் எந்த ஊசியிலும் வேலையைச் செய்யப் போகிறோமோ, அவற்றிலேயே மாதிரியையும் பின்ன வேண்டும். அதைத் துவைத்து உலர்த்தி, நடுவே 10 செ.மீ. அளந்து, குறுக்கே எத்தனை கண்ணிகள், நெடுக்கே எத்தனை வரிசைகள் என எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊசியில் நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் இங்கே கண்ணி என்கிறோம்.

ஒரு மாலைப் பொழுதை இதற்குச் செலவிடுவது வீண் என்று தோன்றலாம். 10 செ.மீ.-க்கு 20 கண்ணிகள் வரும் என எண்ணி, 50 செ.மீ. சுற்றளவுத் தொப்பிக்காக 100 கண்ணிகள் இட்டுத் தொடங்குகிறீர்கள் என்று கொள்வோம். உங்கள் கை சற்று இறுக்கமாகப் பின்னி 22 கண்ணிகள் தருமானால், தொப்பியின் சுற்றளவு 45 செ.மீ. அளவிலேயே நின்றுவிடும். முடி உதிர்ந்து மென்மையாகிவிட்ட தலையில் அது உறுத்தும். முழுத் தொப்பியையும் பிரித்துப் பின்னுவதற்கு ஆகும் நாட்களோடு ஒப்பிட்டால் ஒரு மாலை பெரிதன்று.

மாதிரியைப் பின்னும்போது கடிகாரத்தையும் பாருங்கள். நிமிடத்துக்கு எத்தனை கண்ணிகள் உங்கள் கையில் நிதானமாக ஓடுகின்றன என்பது அடுத்த கணக்குக்குத் தேவைப்படும்.

கண்ணிக் கணக்கு

பெரியவர் ஒருவரின் தலைச் சுற்றளவு 56 செ.மீ. என்போம். பின்னல் நெகிழும் தன்மையுடையது. ஆதலால் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கைக் குறைத்து 50 செ.மீ. வைத்தால் போதும். 10 செ.மீ.-க்கு 20 கண்ணிகள், 28 வரிசைகள் எனில், 20 செ.மீ. உயரமுள்ள தொப்பிக்கு 100 கண்ணிகள் கொண்ட 56 வரிசைகள் வேண்டும். மொத்தம் 5,600 கண்ணிகள். நிமிடத்துக்கு 20 கண்ணிகள் பின்னுபவருக்கு இது 4 மணி 40 நிமிட வேலை. நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பத்து நாட்களில் முடிந்துவிடும். முடி உதிரச் செய்யும் மருந்துகளில், முதல் மருந்தேற்றத்துக்குப் பின் பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களுக்குள் உதிர்வு தொடங்குகிறது. ஆகவே சிகிச்சை தொடங்கும் நாளிலேயே பின்னத் தொடங்கினாலும் காலம் போதும், கண்விழிக்கத் தேவையில்லை. எல்லா மருந்துகளும் முடியை உதிரச் செய்வதில்லை என்பதால், முதலில் மருத்துவரைக் கேட்டறிவது நன்று.

குழந்தைக்கான போர்வை இதனினும் பெரிய வேலை. நீளமும் அகலமும் 80 செ.மீ. எனில், 160 கண்ணிகள் கொண்ட 224 வரிசைகள். மொத்தம் 35,840 கண்ணிகள். தொப்பியைப் போல் ஆறு மடங்குக்கும் மேல். அதே வேகத்தில் இது ஏறத்தாழ 30 மணி நேரம். தவறிய கண்ணிகளைப் பிரித்துப் பின்னவும், நூல் முனைகளை உள்ளே மறைத்துத் தைக்கவும், துவைத்து உலர்த்தவும் இன்னும் கால் பங்கைச் சேர்த்தால் 37 மணி நேரத்துக்கு மேலாகிறது. நாளுக்கு ஒரு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாட்கள் என வைத்தால் ஆறு வாரங்களைத் தாண்டும்.

மருத்துவர் குறித்துத் தரும் பேறு நாள், கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து 40 வாரங்களை எண்ணிப் பெறுவது. சரியாக அதே நாளில் பிறக்கும் குழந்தைகள் சிலரே. 37 வாரங்கள் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பேறு. அதற்குப் பின் எந்நாளிலும் குழந்தை வரலாம். ஆகவே 36-ஆம் வாரத்தில் போர்வை துவைத்து மடித்து வைக்கப்பட்டிருக்க வேண்டும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணினால், 29-ஆம் வாரத்திலேனும் தொடங்கியாக வேண்டும் என்பது தெரியவரும். அந்த வாரம் கடந்துவிட்டதா? வேகத்தைக் கூட்டாதீர்கள், போர்வையைச் சிறிதாக்குங்கள்.

பகுத்துப் பின்னுதல்

2016 ஜனவரி 31 அன்று சென்னையில், 'மதர் இந்தியாஸ் குரோஷே குயீன்ஸ்' என்னும் பெண்கள் குழு, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தது. குரோஷே என்பது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் கலை. கால்பந்து மைதானம் ஒன்றைக் காட்டிலும் பெரிய அப்போர்வை ஒரே துண்டாகப் பின்னப்பட்டதன்று. பல ஊர்களில் இருந்த பெண்கள் தத்தம் வீடுகளில் துண்டு துண்டாகப் பின்னித் தர, அவை ஒன்றாக இணைக்கப்பட்டன.

வீட்டு வேலைக்கும் இம்முறை பொருந்தும். 80 செ.மீ. போர்வையை, பக்கம் 20 செ.மீ. உள்ள 16 சதுரங்களாகப் பகுத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றும் 40 கண்ணிகள், 56 வரிசைகள், 2,240 கண்ணிகள், இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். பை சிறிதாக இருக்கும். மருத்துவமனைக்கு எடுத்து வருவதும் எளிது. மருத்துவர் அழைக்கும்போது இடையில் விட்டாலும் எண்ணிக்கை குழம்பாது. அத்தையும் நாத்தனாரும் பங்கு கொள்ளலாம். ஆனால் ஒவ்வொருவரும் தனித்தனியே மாதிரி பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் சதுரங்கள் பொருந்தா.

இம்முறையின் தலையாய பயன் வேறொன்று. குழந்தை முந்திப் பிறந்துவிட்டால், முடிந்த ஒன்பது சதுரங்களைக் கொண்டு 60 செ.மீ. போர்வை ஒன்றை இணைத்துவிட முடியும். ஒரே துண்டாகப் பின்னியிருந்தால் ஊசியில் தொங்கும் அரைப் போர்வையே மிஞ்சும். எனவே எந்த நாளில் வேலை நின்றாலும், அதுவரை முடிந்தது பயன்படும் வகையில் பின்னலை அமைத்துக்கொள்ளுங்கள். முதலில் தொப்பி, அடுத்துக் காலுறை, அதன் பின்னரே போர்வை.

முறை மாற்றி இளைப்பாறுதல்

முத்துக்குளிப்புப் படகில் ஒரு கல்லுக்கு இருவர் இருந்தனர். ஒருவர் கல்லின் துணையோடு கடலடி சேரும்போது மற்றவர் படகில் இளைப்பாறுவார். பிறகு முறை மாறும். குளிப்புக் காலம் சில வாரங்களே என்றபோதும், எவரும் இடைவிடாது மூழ்கவில்லை.

பின்னுபவரும் 20 அல்லது 30 நிமிடங்களுக்கு ஒருமுறை ஊசியைக் கீழே வைத்து, சில நிமிடங்கள் கைகளை நீட்டி மடக்கி, தோள்களைத் தளர்த்தி, தொலைவில் உள்ள ஒன்றைப் பார்க்க வேண்டும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் ஆகியவற்றில் மரமரப்போ கூச்சமோ தோன்றி இரவில் மிகுமானால், மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்படுவதன் அறிகுறியாக அது இருக்கலாம். கருவுற்ற பெண்களுக்கு உடலில் நீர் கோப்பதால் இது எளிதில் வரும். அந்நிலையில் பின்னலை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சையில் இருப்போர் கவனிக்க வேண்டியவை சில:

- ஊசி வழியாக மருந்து ஏறிக்கொண்டிருக்கும் கையால் பின்ன வேண்டாம். டயாலிசிஸ் நடக்கும்போது ஊசி இட்ட கை அசையாதிருக்க வேண்டும்.
- மார்பக அறுவைக்குப் பின், அப்பக்கத்துக் கையால் எப்போது, எவ்வளவு நேரம் பின்னலாம் என்பதை இயன்முறை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.
- புற்றுநோய் மருந்துகள் சிலவற்றாலும் நீரிழிவாலும் விரல் நுனிகளில் உணர்வு குறையலாம். அத்தகையோர் கூர்மையற்ற, தடித்த ஊசிகளைக் கொள்வது நலம்.
- வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் சிறு குத்தும் தொற்றுக்கு வழியாகலாம். நூலையும் பையையும் தூய்மையாக வைத்திருங்கள்.

அணிபவருக்கு ஏற்றது

பிறந்த குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி செல்சியசுக்குள் இருத்தல் வேண்டும். வெயில் மிகுந்த நம் ஊரிலும், ஈரத்தோடு பிறக்கும் குழந்தை விரைவில் வெப்பத்தை இழக்கும், 2.5 கிலோவுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைக்கு இந்த இடர் மிகுதி. குழந்தையைத் துடைத்து உலர்த்தி, தாயின் மார்போடு தோலுக்குத் தோல் சேர்த்து வைத்து, தலைக்குத் தொப்பி அணிவிப்பது அதனாலேயே.

ஆனால் வீட்டில் குழந்தை உறங்கும்போது தொப்பியும் தளர்ந்த போர்வையும் அருகில் இருத்தல் ஆகாது. அவை முகத்தை மூடலாம், உடலை மிகையாகச் சூடாக்கலாம். நாம் பின்னும் போர்வை, குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கும்போது போர்த்துவதற்கானது. மென்மையான பருத்தி நூலே நம் தட்பவெப்பத்துக்கு ஏற்றது. பெரிய துளைகள் உள்ள வேலைப்பாட்டில் பிஞ்சு விரல் சிக்கும். தளர்ந்த நூல், விரலைச் சுற்றி இறுக்கிவிடக்கூடும். பொத்தானும் நாடாவும் வேண்டா. முதன்முதலில் அணிவிக்குமுன் துவைத்துவிடுங்கள்.

நாள் முந்திவிட்டால்

இவ்வளவு எண்ணியும் நாள் முந்திவிடலாம். அப்போது மனம் குன்ற வேண்டியதில்லை. கடையில் வாங்கிய பருத்தித் தொப்பியும் அதே வெப்பத்தைத் தரும். தாயின் மார்பு அதனினும் மேலாகத் தரும். எஞ்சிய சதுரங்களைக் குழந்தை வளரும்போது பின்னிக்கொள்ளலாம். சில வேளைகளில், யாருக்காகப் பின்னினோமோ அவர் அதை அணியும் நிலையில் இல்லாமற்போவதும் உண்டு. அப்பின்னலை முடிப்பதா, அப்படியே வைப்பதா, வேறொருவருக்குத் தருவதா என்பதை உடனே முடிவு செய்ய எவரும் கடமைப்பட்டவர் அல்லர். செவிலியரிடமோ மனநல ஆலோசகரிடமோ அதைப் பற்றிப் பேசலாம்.

தொடங்க எண்ணுவோர் இன்று செய்ய வேண்டியது ஒன்றே. நூலையும் ஊசியையும் எடுத்து, 15 செ.மீ. மாதிரித் துண்டு ஒன்றைப் பின்னுங்கள். நாளை அதைத் துவைத்து, உலர்ந்தபின் அளந்து பாருங்கள். எத்தனை நாட்கள் வேண்டும் என்பதை அத்துண்டு சொல்லிவிடும்.