ஆண்களுக்கென்று தனி யோகா வகுப்பு?

கேள்வி: எனக்கு வயது 46. முதுகுவலிக்கு யோகா செய்யச் சொன்னார் டாக்டர். பக்கத்துத் தெரு வகுப்பில் எல்லோரும் பெண்கள். ஆண்களுக்கு மட்டும் வகுப்பு கேட்டால் தவறா?
- வாசகர், மதுரை

பதில்: தவறே இல்லை. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாத நிலையில் ஆண்களுக்கும் கூச்சம் வரும். பலர் அதைச் சொல்வதில்லை, வராமல் நின்றுவிடுகிறார்கள். அப்படி நிற்பதைவிடத் தனி வகுப்பு நூறு மடங்கு மேல்.

1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் யோகா ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் பெரும்பாலும் சிறுவர்களே பயின்றார்கள். இந்திரா தேவி என்ற பெண்ணைச் சேர்க்க அவர் முதலில் மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகே சேர்த்துக்கொண்டார். ஆண்கள் அந்நியராக உணர வேண்டிய இடமல்ல யோகா வகுப்பு.

ஆனால் ஆண்கள் மட்டும் கூடினால் சில நேரம் போட்டி நுழைந்துவிடும். பக்கத்தில் இருப்பவர் சிரசாசனம் செய்கிறாரே என்று நீங்களும் முயன்றால் முதுகுக்கு ஆபத்து. தொடையின் பின்தசை இறுகியிருந்தால் முழங்காலை மடித்துக் குனியுங்கள் என்று சொல்லும் ஆசிரியர்தான் உங்களுக்குத் தேவை. பக்கத்துத் தெரு ஆசிரியர் அப்படிப்பட்டவர் என்றால், தனி வகுப்புக்காகக் காத்திருக்காதீர்கள். முதுகுவலியை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு, பின்வரிசையில் பாயை விரியுங்கள்.